உள்ளே இடம் இல்லையா அப்பா?

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டி.வி-யில் ஒரு பழைய பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. மணிரத்னத்தின் 'உயிரே' படத்தில் வரும் அந்த ரயில் பாட்டு உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். 1998-ல் 'தில் சே' என்று இந்தியில் வந்து, தமிழில் டப்பிங் ஆன படம். ஏ.ஆர்.ரஹ்மான் இசை, சந்தோஷ் சிவன் கேமரா, ரயில் கூரை மேல் ஷாருக் கானும் மலைக்காவும் ஒரு கூட்டமும். பின்னால் பச்சைப் பசேல் என்று நம்ம நீலகிரி.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் சின்ன மகள் கண்ணை எடுக்காமல் பார்த்தாள். பாட்டு முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

''ஏம்ப்பா, எல்லாரும் மேல ஏறியிருக்காங்களே... உள்ள இடம் இல்லையா?''

சிரித்துவிட்டேன். அப்புறம் யோசித்தால், அந்தப் பாட்டைப் பற்றி இத்தனை வருஷத்தில் எந்த விமர்சகரும் கேட்காத கேள்வி அது. கேட்டிருக்க வேண்டிய கேள்வியும்கூட!

உள்ளே இடம் இல்லைதான். சீஸனில் மேட்டுப்பாளையம் ஸ்டேஷனுக்குப் போய்ப் பாருங்கள். சென்னையிலிருந்து ராத்திரி கிளம்பிய நீலகிரி எக்ஸ்பிரஸ் காலை ஆறேகால் வாக்கில் வந்து நிற்கும். இருபதுக்கும் மேற்பட்ட பெட்டிகள். ஈரோடு, திருப்பூர், கோவையில் நிறையப் பேர் இறங்கியிருப்பார்கள், வாஸ்தவம். மிச்சம் இருப்பவர்கள் ஸ்வெட்டரும் மங்கி குல்லாவுமாக, பிள்ளைகளைத் தூக்கத்தோடு இழுத்துக்கொண்டு அந்தப் பக்கம் ஓடுவார்கள். அங்கே ஏழு பத்துக்குக் கிளம்ப நிற்கிறது மலை ரயில். நாலைந்து பெட்டி. இருநூறை ஒட்டி இடம். ஊட்டி வரை போக ஒரு நாளைக்கு அந்த ஒரு வண்டிதான் வாடிக்கை. சீஸனில் ஸ்பெஷல் விட்டால் உண்டு.

நான் பி.காம் படித்தவன். சினிமா பார்க்கும்போதுகூட மனசு ஓரத்தில் ஒரு கணக்குப் புத்தகம் திறந்தே இருக்கும். அதனால்தான் இந்த வாரம், இந்த ரயிலை வைத்து எடுத்த மூன்று படங்களைக் கணக்குப் புத்தகத்தோடு பார்க்கலாம் என்று தோன்றியது.

முதல் படம், 1982-ல் வந்த 'மூன்றாம் பிறை'. கேத்தி ஸ்டேஷன், கொட்டும் மழை, கிளம்பும் ரயில். உள்ளே ஞாபகம் திரும்பிய ஸ்ரீதேவி. வெளியே சேறும் ரத்தமுமாக கமல். தன்னை நினைவுபடுத்த அவர் குரங்கு மாதிரி குட்டிக்கரணம் அடிக்க, யாரோ பைத்தியம் என்று அவள் பார்க்க, ரயில் போய்விடுகிறது. சீனு பிளாட்பாரத்தில் தனியாக நிற்கிறான். நாற்பது வருஷம் தாண்டியும் அந்தக் காட்சி நெஞ்சைப் பிசைகிறது.

இரண்டாவது, டேவிட் லீனின் 'எ பாஸேஜ் டு இந்தியா', 1984. ஃபார்ஸ்டரின் நாவல். மராபர் குகைகளுக்குப் போகிற ரயில் வேறெங்கோ ஓடுவதாகக் கதை. படத்தில் ஓடுவது நம்ம ஊட்டி ரயில்! அதில் டாக்டர் அஜீஸ், ஓடும் வண்டிக்கு வெளியே கம்பியைப் பிடித்துத் தொங்கியபடி வெள்ளைக்காரப் பெண்மணிகளிடம் வந்து பேசுவார். ஆங்கிலேயரான ஃபீல்டிங்கும் அவருடைய நண்பர் பேராசிரியர் காட்போலேயும் ரயிலைக் கோட்டை விட்டுவிடுவார்கள். அவர்கள் மட்டும் ஏறியிருந்தால் அந்த விபரீதமே நடந்திருக்காது. கதையின் அச்சாணியே அதுதான்.

மூன்றாவது 'உயிரே'. படத்தின் ஆரம்பத்தில் ராத்திரி நேரத்து ஸ்டேஷனில் ஷாருக் ஒரு பெண்ணைப் பார்க்கிறார். டீ வாங்கப் போகிறார். திரும்பி வருவதற்குள் அவளோடு ரயில் கிளம்பிவிடுகிறது. அதற்குப் பிறகுதான் அந்தக் கூரைப் பாட்டு.

கவனித்தீர்களா? மூன்று படத்திலும் யாரோ ஒருவர் பிளாட்பாரத்தில் விடப்படுகிறார். காதலால், விதியால், அல்லது டீயால். எந்தப் படத்திலும் டிக்கெட் கிடைக்காமல் யாரும் நிற்கவில்லை!

நிஜத்தில் இந்த ரயிலைத் தவறவிடுகிறவர்களில் பலர் வெயிட்டிங் லிஸ்ட்டில் இருப்பவர்கள். 120 நாளைக்கு முன்பே ரிசர்வ் செய்யலாம் என்று இருந்ததை 2024 நவம்பரில் ரயில்வே 60 நாளாகக் குறைத்தது. என்ன பிரயோஜனம்? மே மாசத்து டிக்கெட், கவுன்டர் திறந்த மாயத்தில் காணாமல் போகிறது. மழையில் நனைந்து நிற்கும் சீனுவுக்காக அழுத நாம், மேட்டுப்பாளையத்தில் குழந்தையோடு திரும்புகிற அப்பாவுக்காக ஒரு 'உச்' கொட்டக்கூட மறந்துவிட்டோம்.

'சரி சார், இன்னும் பத்துப் பெட்டி சேர்க்க வேண்டியதுதானே?' என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. முடியாது. அதுதான் இந்த ரயிலின் சுவாரஸ்யம், சோகமும்கூட.

1899-ல் குன்னூர் வரை வந்த பாதை இது. 1908-ல் ஊட்டியைத் தொட்டது. கல்லாறிலிருந்து குன்னூர் வரை சுமார் இருபது கிலோமீட்டருக்கு நடுவில் பல் வைத்த மூன்றாவது தண்டவாளம் உண்டு. இன்ஜினின் பல்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வித்தான் ஏறும். பன்னிரண்டு அடி போனால் ஓர் அடி உயர்கிற ஏற்றம். அதனால் இன்ஜின் முன்னால் நின்று இழுப்பதில்லை, பின்னால் நின்று தள்ளுகிறது. பெட்டிக்குப் பெட்டி ஒரு பிரேக்ஸ்மேன் நிற்கிறார். வேகம் மணிக்கு 13 கிலோமீட்டர். தெம்பான ஆள் ஓடியே தோற்கடிக்கலாம். இந்த ஏற்றத்தில் ஒரு பெட்டி கூடுதலாகச் சேர்ப்பதென்றால் இன்ஜினின் பலம், பிரேக்கின் பிடி என்று எல்லாமே தடுக்கும். தண்டவாளமோ மீட்டர் கேஜ். கீழே நிற்கும் எக்ஸ்பிரஸ் பெட்டியைக் கழற்றி மாட்டலாம் என்றால், அதுவும் நடக்காது.

பெட்டியை நீட்டுவது சுலபமாக இருக்கிற ஊரிலேயே என்ன கூத்து நடந்தது தெரியுமா? ரயிலைக் கண்டுபிடித்த பிரிட்டனில், 2002 வாக்கில் 'கிராஸ்கன்ட்ரி' என்ற நெடுந்தூரத் தடத்தில் நீளமான பழைய ரயில்களை எடுத்துவிட்டு, நாலு பெட்டி, ஐந்து பெட்டி 'வாயேஜர்' ரயில்களை அடிக்கடி ஓட விட்டார்கள். சின்ன வண்டி, நிறைய டிரிப். காகிதத்தில் கணக்கு ஜோர். வண்டி அடிக்கடி வருகிறது என்று தெரிந்ததும் ஜனம் திரண்டுவிட்டது. நாலு பெட்டியில் நடைபாதை, கதவோரம், பாத்ரூம் வாசல் எல்லாம் ஆட்கள். அங்கே டிக்கெட் என்பது ஏறுவதற்கான அனுமதிதான். உட்கார இடம் தனி அதிர்ஷ்டம். நம்ம ஊர் அன்ரிசர்வ்டு பெட்டியைக் கோட்டு சூட்டு போட்டுப் பார்த்த மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

அவர்கள் செய்தது தேர்வு. வேறு வழியும் இருந்தது. கல்லாறு ஏற்றத்தில் ரயில்வேக்கு அந்த வழி இல்லை. இடம் இவ்வளவுதான் என்று மலை சொல்லிவிட்டது. ஆக, மிச்சம் இருப்பது ஒரே கேள்வி: இருக்கிற இந்த இருநூறு இடம் யாருக்கு?

என் காமர்ஸ் வாத்தியார் இருந்தால் ஒரு நொடியில் பதில் சொல்வார். 'தேவை அதிகம், வரத்து குறைவு. விலையை ஏற்று. வரிசை தானாகக் கரையும்.' ரயில்வேயும் அந்தப் பாடத்தைப் படித்திருக்கிறது. 2005-ல் யுனெஸ்கோ இந்த ரயிலை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. 2018 அக்டோபரில் கட்டணம் பல மடங்கு ஏறியது. 2020 டிசம்பரில், கொரோனாவால் நின்ற வழக்கமான ரயில் திரும்ப ஓட ஆரம்பிக்கும் முன்பே, தனியார் வாடகைக்கு எடுத்து ஓட்டிய வண்டியில் ஒரு சீட்டு 3,000 ரூபாய்க்குப் போனது. பெரிய எதிர்ப்பு கிளம்பியது. ரயிலைத் தனியாருக்கு விற்கவில்லை, வாடகைக்குத்தான் விட்டோம் என்று ரயில்வே விளக்கம் கொடுத்தது.

வாத்தியாரின் பாடத்தில் ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது. விலையை ஏற்றினால் வரிசை குறையும், ஆசை குறையாது. வரிசையிலிருந்து காணாமல் போகிறவர் யார் என்று பாருங்கள். வருஷத்துக்கு ஒரு தடவை பிள்ளைகளைக் கூட்டி வருகிற சம்பளக்காரர். தேயிலை எஸ்டேட்டில் வேலை பார்த்துவிட்டு ஊருக்குப் போகிற குடும்பம். வெலிங்டனிலோ அருவங்காட்டிலோ ஏறி லவ்டேலில் இறங்குகிறவர். இவர்களுக்கு இது 'டாய் டிரெயின்' அல்ல, ரயில்.

இங்கேதான் சினிமா மேல் எனக்கு ஒரு வருத்தம். 'மூன்றாம் பிறை'யைத் திரும்பப் பாருங்கள். பாலு மகேந்திரா காட்டியது ஓர் ஊரின் ரயில். ஈர பிளாட்பாரம், சாதாரண ஸ்டேஷன், ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் ஓடி வந்து நிற்கிற இடம். மலை அதில் அழகாகத் தெரியும். அழகுக்காக மட்டும் இருக்காது. 'உயிரே' பாட்டில் ரயில் ஒரு மேடை. உள்ளே யார் போகிறார்கள், எங்கே போகிறார்கள் என்று கேமராவுக்கு அக்கறை இல்லை. சும்மா சொல்லக் கூடாது, பிரமாதமான பாட்டு. எத்தனை தடவை பார்த்தாலும் கால் தாளம் போடும். ஆனால் அதன் பிறகு நாம் எல்லோருமே அந்த ரயிலைக் கூரையிலிருந்து பார்க்கப் பழகிவிட்டோம். போட்டோ எடுக்க ஒரு சாமான். ஒரு சாமானுக்கு என்ன விலை வைத்தாலும் கேட்க ஆள் இருக்காது. ஓர் ஊரின் ரயிலுக்கு அப்படி விலை வைக்க முடியாது.

இன்னொரு கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஊட்டிக்கு வருகிற வண்டிகளின் நெரிசல் தாங்காமல் சென்னை உயர் நீதிமன்றம் 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் கொண்டுவந்தது. 2025 கோடையில் வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்று உச்சவரம்பும் வைத்தது. வண்டிக்கு நாலு பேர் என்றால் ஒரு நாளைக்கு 24,000 பேர். மலை ரயிலில் இருநூறு. அதாவது நூறில் ஒருவர்கூட இல்லை! ஊட்டியின் நெரிசலை இந்த ரயில் தீர்க்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதைப் பஸ்தான் செய்ய வேண்டும். ஐம்பது பேர் உட்காரும் ஒரு பஸ், பன்னிரண்டு காரை மலையிலிருந்து இறக்கும். கோர்ட் எண்ணுவது வண்டிகளை. எத்தனை பேர் எதில் வருகிறார்கள் என்று எண்ண ஆரம்பித்தால்தான் வழி பிறக்கும்.

எனக்குத் தோன்றுவது மூன்று விஷயம். எக்ஸ்பிரஸ்ஸில் வந்து இறங்குகிறவருக்கு, மலை ரயில் இல்லாவிட்டாலும் ஸ்டேஷன் வாசலிலேயே குன்னூர், ஊட்டி பஸ்கள் வரிசையாகக் காத்திருக்க வேண்டும். 'டிக்கெட் இல்லை' என்பது பயணத்தின் முடிவாக இருக்கக் கூடாது. இரண்டாவது, குன்னூருக்கு மேலே பல்சக்கரம் கிடையாது. டீசல் இன்ஜினே போதும். அந்தப் பதினெட்டு சொச்சம் கிலோமீட்டரில் மலை அவ்வளவு கெடுபிடி செய்வதில்லை. கூடுதல் வண்டி விட நினைத்தால் அங்கேதான் விடலாம். கீழே தொங்கிக்கொண்டு நிற்கும் கூட்டத்தில் பாதி, குன்னூர் - ஊட்டி ரயிலில் ஏறினாலே சந்தோஷப்பட்டுவிடும். மூன்றாவது, எத்தனை பாரம்பரியப் பட்டம் வந்தாலும் சில இடங்களாவது உள்ளூர்க்காரர் கையில் இருக்கிற காசுக்குக் கிடைக்க வேண்டும்.

இதெல்லாம் நடந்தாலும் மே மாசத்து ஏழு பத்து வண்டியில் எல்லோருக்கும் இடம் கிடைக்காது. அதை ஒப்புக்கொள்கிறேன். யாரோ சிலர் பிளாட்பாரத்தில் நிற்கத்தான் வேண்டும். நிற்பவர் யார் என்பதைப் பர்ஸ் முடிவு செய்யக் கூடாது, அவ்வளவுதான்.

மகளுக்கு அன்று நான் சொன்ன பதிலையும் சொல்லிவிடுகிறேன். ''உள்ள கொஞ்சம்தான் இடம்டா கண்ணு. யார் உட்கார்றதுன்னு பெரியவங்க இன்னும் பேசிக்கிட்டு இருக்காங்க.''

அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். ''அப்போ மாத்தி மாத்தி உட்கார வேண்டியதுதானே?'' என்றாள்.

பி.காம் சிலபஸில் இந்தப் பாடம் இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.