ஒரு வேலைக்கு எத்தனை புள்ளி?

பாலக்கோட்டில் ஒன்று, அரூரை அடுத்த கோபாலபுரத்தில் ஒன்று என்று தர்மபுரி மாவட்டத்துக்கு இரண்டு கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள். சர்க்கரை ஆலை எதுவானாலும் அரவை நாளில் பாகு காய்ச்சும் 'பான்' மேடையில் நிற்பவரைக் கவனிக்க வேண்டும். கொதிக்கும் பாகில் கொஞ்சம் எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தடவி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, படிகம் எந்த அளவுக்கு வளர்ந்திருக்கிறது என்று பார்ப்பார். இரண்டு விரலுக்கிடையே இழுத்துக் கம்பிப் பதம் பார்ப்பார். கை தவறினால் பொடிப் படிகம் பெருகி, அடுத்த மெஷினில் சர்க்கரையைப் பிரிப்பதே சிக்கலாகிவிடும். அதே ஆலையில் பாய்லரைப் பார்த்துக்கொள்பவர் சட்டப்படி சான்றிதழ் பெற்றவராக இருக்க வேண்டும். சுண்ணாம்பு கரைக்குமிடத்தில் நிற்பவருக்குச் சூடும் நெடியும். கரும்பு எடை போடுபவர் கையில் விவசாயியின் பணம்.

இவர்களில் யாருக்கு எவ்வளவு சம்பளம், எதை வைத்து? அதற்கு விடை தேடும் முறைகளுக்குத்தான் பணி மதிப்பீடு என்று பெயர். ஆள் கெட்டிக்காரரா, சீனியரா என்பது இங்கே கேள்வி இல்லை. அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் வேலை என்ன கேட்கிறது என்பதே கேள்வி.

மிகப் பழையது தரவரிசை முறை. எல்லா வேலைகளையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டு மேலிருந்து கீழாக அடுக்குவது. இருபது பேர் உள்ள பட்டறைக்குப் போதும். எது மேல் என்று சொல்லும். எவ்வளவு மேல் என்று சொல்லாது.

இரண்டாவது வகைப்பாட்டு முறை. முதலில் தட்டுகளை வரையறுத்துவிட்டு, ஒவ்வொரு வேலையையும் அதற்கேற்ற தட்டில் வைப்பார்கள். அமெரிக்க அரசுப் பணிகளுக்கு 1923-ல் சட்டமாகவே வந்தது. நம் அரசு ஊழியருக்கு நன்கு பழகிய முறையும் இதுதான்: தமிழ்நாட்டின் 2017 ஊதியத் திருத்தத்தில் நிலை ஒன்று 15,700 ரூபாயில் தொடங்கியது. சர்க்கரை ஆலைகளுக்கு 1957-ல் அமைந்த மத்திய ஊதியக் குழுவும் இந்த வழியையே பிடித்தது. திறன் தேவைப்படாத வேலை, ஓரளவு திறன், திறன், உயர்திறன், எழுத்தர், மேற்பார்வையாளர் என்ற பிரிவுகள் அந்த ஏற்பாட்டின் வழியே தொழிலில் ஊன்றின. ஆலை ஓடாத மாதங்களில் பருவத் தொழிலாளிக்குத் தரும் தக்கவைப்புப் படியும் இந்தப் பிரிவைப் பொறுத்தே கூடும், குறையும். ஆகவே எந்தத் தட்டில் வைக்கிறார்கள் என்பது வேலை இல்லாத மாதத்துச் சாப்பாட்டையும் தீர்மானிக்கிறது.

மூன்றாவது, 1926-ல் யூஜின் பெஞ்ச் பிலடெல்பியா போக்குவரத்து நிறுவனத்துக்காக உருவாக்கிய காரணி ஒப்பீடு. நன்கு தெரிந்த சில வேலைகளின் கூலியை எடுத்து, அதில் அறிவுக்கு எவ்வளவு, உடலுழைப்புக்கு எவ்வளவு, பொறுப்புக்கு எவ்வளவு என்று பிரித்துப் போட்டு, மற்ற வேலைகளை அவற்றோடு ஒப்பிடுவது. கணக்கு நுட்பமானது. ஆனால் இன்றைய கூலி சரியானது என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறது. கூலியே கோணலாக இருந்தால் கோணல் அப்படியே படியெடுக்கப்படும்.

நான்காவது புள்ளி முறை. அதே இருபதுகளில் மெரில் லாட் வகுத்தது. காரணிகளைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் எடை கொடுத்து, வேலைக்கு வேலை புள்ளி போட்டுக் கூட்டுவது. எட்வர்டு ஹே ஐம்பதுகளில் கொண்டுவந்த அட்டவணை இதன் வாரிசு. அறிவு, சிக்கல் தீர்த்தல், பொறுப்பேற்றல் மூன்றும் அதன் தூண்கள். மேலாளர் பதவிகளை அளக்க அது நன்றாக வேலை செய்கிறது. வெயிலையும் தூசியையும் அளக்க அதை மட்டும் நம்பக் கூடாது. பணி மதிப்பீடு பற்றி 1950-ல் ஜெனீவாவில் கூடிய மாநாடு மூளையின் தேவை, உடலின் தேவை, பொறுப்பு, வேலைச் சூழல் என்று நான்கு தலைப்புகளை முன்வைத்தது. தொழிற்கூடத்துக்கு இதுவே பொருத்தம் என்பது என் உறுதியான கருத்து.

ஏன் என்பதற்கு நம் ஊர்ப் புளிக் களத்தைப் பார்த்தால் போதும். ஓடு உடைத்து, நார் உரித்து, கொட்டை தட்டி எடுப்பது பெரும்பாலும் பெண்கள். கிலோ கணக்கில் கூலி. மூட்டை ஏற்றுபவர் ஆண். 'உடலுழைப்பு' என்ற காரணிக்கு ஒரே தடவையில் தூக்கும் பாரம் மட்டுமே அளவுகோல் என்றால் மூட்டைக்காரருக்கு முழுப் புள்ளி, அந்தப் பெண்ணுக்குச் சொற்பம். காலை முதல் மாலை வரை குனிந்த முதுகு, ஓயாத விரல், புளியில் கொட்டைத் துண்டு தங்கிவிடாமல் பார்க்கும் கண் ஆகியவற்றையும் கணக்கில் எடுத்தால் வரிசையே மாறும். அளப்பதற்கு முன்பே அநீதி எடைப்பட்டியலில் உட்கார்ந்துவிட முடியும்.

இங்கிலாந்தில் டேகன்ஹாம் ஃபோர்டு ஆலையில் இதுதான் நடந்தது. இருக்கை உறை தைத்த பெண்களை மதிப்பீட்டில் ஒரு தட்டு கீழே வைத்தார்கள். 1968-ல் வேலைநிறுத்தம். அது 1970-ன் சம ஊதியச் சட்டத்துக்கு வழி திறந்தது. ஆனால் அவர்கள் கேட்ட தட்டு கிடைத்தது 1984-ல், இன்னொரு வேலைநிறுத்தத்துக்குப் பிறகு. விழாப் பேச்சுகளில் முதல் தேதியை மட்டும் சொல்கிறோம். நடுவில் போன பதினாறு வருடத்தையும் சொல்ல வேண்டும்.

சம ஊதியம் பற்றிய சர்வதேச உடன்படிக்கையை இந்தியா 1958-ல் ஏற்றது. நம் நாட்டின் 1976 சம ஊதியச் சட்டம் ஒரே தன்மையுள்ள வேலை எது என்று வரையறுக்கத் திறன், முயற்சி, பொறுப்பு, வேலைச் சூழல் ஆகியவற்றையே எடுத்துக்கொண்டது. 2019-ன் ஊதியச் சட்டத் தொகுப்பு அந்தச் சட்டத்தை உள்வாங்கியிருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. புள்ளி முறை ஒரு வேலைக்கும் இன்னொரு வேலைக்கும் உள்ள இடைவெளியைச் சொல்லும். அடிமட்டக் கூலியைச் சொல்லாது. அதற்கு 1957-ல் 15-வது இந்தியத் தொழிலாளர் மாநாடு வேறு அளவு வைத்தது: ஒரு குடும்பத்துக்கு மூன்று நுகர்வு அலகுகள், நாளுக்கு ஆளுக்கு 2,700 கலோரி, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 72 கஜம் துணி, தனியே வீட்டு வாடகை, அதற்கு மேல் எரிபொருள் முதலியவற்றுக்கு 20 சதவீதம். 1991-ல் ரெப்டகோஸ் பிரெட் வழக்கில் உச்ச நீதிமன்றம் பிள்ளைகளின் படிப்பு, மருத்துவம் போன்றவற்றுக்காக இன்னொரு 25 சதவீதத்தைச் சேர்த்தது. இந்தத் தரை இல்லாமல் போடும் புள்ளி, பசியைத்தான் தரம் பிரிக்கும்.

தரை உறுதியான பிறகு மிச்சம் நடைமுறை. வேலை விவரத்தை அந்த வேலையைச் செய்பவரிடம் கேட்டே எழுத வேண்டும். மதிப்பீட்டுக் குழுவில் பான் மேடைக்காரரும் புளி தட்டும் பெண்ணும் உட்கார வேண்டும். எந்தக் காரணிக்கு எத்தனை எடை என்பதைப் புள்ளி போடத் தொடங்குமுன்பே தமிழில் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட வேண்டும். மதிப்பீட்டில் ஒரு வேலை கீழே இறங்கினால், இப்போது அதைச் செய்பவரின் சம்பளத்தில் கை வைக்காமல், புதிதாக வருபவரிலிருந்து திருத்தத்தைத் தொடங்க வேண்டும்.