ஐம்பது வயதில் ஓர் இன்னிங்ஸ்

பழகிய மைதானத்தில் பல்லாண்டுகள் வெற்றிக்கொடி நாட்டிய ஓர் ஆட்டக்காரர், வயது ஏறி, இளையவர் ஒருவர் வந்து ஆரவாரத்தையெல்லாம் தம் பக்கம் திருப்பிக்கொண்ட பின்னர், அந்நிய ஆடுகளம் ஒன்றில் இறங்கி எவ்விதம் ஆடுகிறார் என்பதே அவருடைய உண்மையான தரத்தை அறிவதற்கு உகந்த பரீட்சையாகும். அந்தப் பரீட்சையை இவ்வாரம் பந்தும் மட்டையும் இல்லாத ஓர் அரங்குக்கு எடுத்துச் செல்ல விரும்புகிறோம். 1979 ஏப்ரலில் வெளியான கே. பாலசந்தரின் 'நினைத்தாலே இனிக்கும்' படத்துக்கு மெல்லிசை மன்னர் எம். எஸ். விசுவநாதன் அமைத்த பாடல்களை ஆதியோடந்தமாக மீண்டும் கேட்கையில், அவை ஒரு மூத்த கலைஞர் ஆடிய மகத்தான இன்னிங்ஸ் என்றே நமக்குத் தோன்றுகிறது.

அன்றைய சூழ்நிலையைச் சற்று நினைவுகூர வேண்டும். 1976இல் 'அன்னக்கிளி' வெளியாகி இளையராஜா என்னும் பெயர் பட்டிதொட்டியெங்கும் பரவிவிட்டது. 1978இல் 'ப்ரியா' பாடல்கள் ஸ்டீரியோவில் ஒலிக்கக் கேட்டுத் தமிழ் ரசிகர்கள் பிரமித்திருந்தார்கள். உலக அரங்கிலோ, 1977இன் 'சாட்டர்டே நைட் ஃபீவர்' படமும் அதில் பீ ஜீஸ் குழுவினர் பாடிய பாடல்களும் டிஸ்கோ என்னும் தாளவெறியைக் கண்டம் விட்டுக் கண்டம் கொண்டு சென்றிருந்தன. மறு ஆண்டில் குவின்ஸி ஜோன்ஸ் இசைப் பொறுப்பேற்க, டயானா ராஸும் மைக்கேல் ஜாக்சனும் நடித்த 'தி விஸ்' வந்தது. இத்தகைய வேளையில் சிங்கப்பூருக்குச் செல்லும் இசைக்குழுவொன்றின் கதையை, கமல்ஹாசன், ரஜினிகாந்த், ஜெயப்பிரதா ஆகியோரை வைத்து எடுக்க முற்பட்ட பாலசந்தர், புதியவர் எவரையும் நாடாமல், ஐம்பது வயது நிறைந்துவிட்ட விசுவநாதனையும் அவருடைய நெடுங்காலத் துணைவரான கண்ணதாசனையுமே நம்பினார்.

அந்த நம்பிக்கைக்குக் கிடைத்த முதல் பலன் 'எங்கேயும் எப்போதும்'. டிஸ்கோ லயத்தின் இயல்பு, பெரிய டிரம்மின் அடி நான்கு எண்ணிக்கையிலும் ஒரே சீராக விழுந்துகொண்டிருப்பது. அதன் கவர்ச்சியும் அதுவே, தமிழுக்கு அதனால் நேரக்கூடிய ஆபத்தும் அதுவே. குறிலும் நெடிலும் மாறி மாறி வந்து தமக்கென ஒரு நடையைக் கொண்டிருக்கும் நம் சொற்களை, இரக்கமின்றிச் சமமாக விழும் அந்த அடிகளுக்குக் கீழே வைத்தால், நெடில் குறுகிக் குறில் நீண்டு, பாஷை உருக்குலைந்துபோகும். பிற்காலத்தில் அவ்வாறு உருக்குலைந்த பாடல்கள் எத்தனையோ உண்டு. விசுவநாதன் செய்த உபாயம் யாதெனில், தாளத்தை மேற்கத்திய வாத்தியங்களிடம் முழுமையாக ஒப்படைத்துவிட்டு, மெட்டை மட்டும் சொல்லின் நடையிலேயே நிறுத்தியதுதான். அப்பாடலின் தலைப்பிலுள்ள இரண்டு சொற்களிலும் நடுவே நிற்கும் நெடில், டிரம்மின் வேகத்துக்கு அஞ்சிச் சுருங்கவில்லை. கால்கள் ஆடிக்கொண்டிருக்கும்போதே காது ஒவ்வொரு சொல்லையும் பிழையறக் கேட்கிறது.

எஸ். பி. பாலசுப்பிரமணியத்தின் பங்கை இங்கே தனியாக எடை போட வேண்டும். 'சாந்தி நிலையம்' படத்தில் விசுவநாதன் இசையில் பாடித் தமிழ் ரசிகர்களைக் கவர்ந்த அந்த இளைஞர், பத்தாண்டு சாதகத்துக்குப் பின் முப்பத்திரண்டு வயதில் தம் சாரீரத்தின் முழு உச்சத்தில் இருந்தார். துள்ளலும் கூச்சலும் சிரிப்பும் கலந்து வரும் இடங்களிலும் சுருதி இம்மியும் பிசகாமல், மூச்சை எங்கே எடுத்தார் என்பதே தெரியாமல் அவர் பாடியிருக்கும் பாங்கை, ஓட்டப்பந்தய வீரரின் கடைசிச் சுற்றைக் கவனிப்பதுபோல் கவனித்துக் கேட்பது நலம். 'சங்கராபரணம்' படத்துக்காக அவர் தேசிய விருது பெற்றதும் அதே 1979ஆம் ஆண்டுக்குத்தான் என்பதை எண்ணும்போது, ஒரே கண்டத்தில் எத்தனை வீச்சு அடங்கியிருந்தது என்று வியக்காமல் இருக்க முடியவில்லை.

வாணி ஜெயராமுடன் அவர் பாடிய 'பாரதி கண்ணம்மா'வில் ஆரவாரம் அனைத்தும் அடங்கிவிடுகிறது. 'நம்ம ஊரு சிங்காரி'யில் நாட்டுப்புற நடை ஒன்று சிங்கப்பூர் வீதியில் உல்லாசமாக உலவுகிறது. 'சம்போ சிவ சம்போ'வுக்கு விசுவநாதன் வேறு எவரையும் அழைக்காமல் தாமே பாடினார். இலக்கண சுத்தமான சாரீரம் அல்ல அது, ஆனால் ரஜினிகாந்தின் திரையுருவத்துக்கு அந்தக் கரகரப்பான தத்துவ ஆவேசத்தை வேறு எந்தக் குரலும் தந்திருக்காது என்பது நம் திடமான அபிப்பிராயம். எல்லாம் ஒரே தரம் என்று சொல்வதற்கில்லை: ஆங்கிலம் கலந்து வரும் சிறு துணுக்குகள் படத்தை விட்டுப் பிரித்தால் சோபிப்பதில்லை.

இத்தகைய திறம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், அதற்குரிய பதில் நம் ஊரில்தான் இருக்கிறது. கணவாய்க்கு அப்பால், பாலக்காட்டுக்கு அருகிலுள்ள எலப்புள்ளியில் 1928இல் பிறந்த விசுவநாதன், வறுமையோடு மல்லாடிய இளம்பருவத்தில் வேலை தேடி வந்து சேர்ந்த இடம் கோயம்புத்தூர். சிங்காநல்லூர்ப் பக்கம் இருந்த சென்ட்ரல் ஸ்டூடியோவில், ஜூபிடர் நிறுவனத்தார் எம்.ஜி.ஆரைக் கதாநாயகனாக்கி 'ராஜகுமாரி'யை எடுத்த அக்காலத்தில், அங்கே இசையமைப்பாளராக விளங்கிய எஸ். எம். சுப்பையா நாயுடுவின் கீழ் எடுபிடிப் பையனாகவும் பின்னர் ஆர்மோனியக்காரராகவும் அவர் வளர்ந்தார். பாடகரும் வாத்தியக்காரரும் ஒருசேர நின்று ஒரே மூச்சில் ஒலிப்பதிவு செய்த நாட்கள் அவை. ஒருவர் பிசகினால் அனைவரும் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். பிறர் மூச்சைக் கேட்டு வாசிக்கும் அப்பியாசம் அங்கே கைவந்தது. 'அபிமன்யு' படத்தில் தாம் ஏற்றுக்கொண்ட மெட்டு அந்தப் பையன் போட்டது என்று நாயுடு பின்னர் முதலாளியிடம் எடுத்துச் சொல்லி, அவரைச் சென்னைக்கு அனுப்பிவைத்த வரலாறு பிரசித்தமானது. குருவின் முதுமையில் அவரைத் தம் இல்லத்திலேயே வைத்துப் பேணினார் சீடர். சுப்பையா நாயுடு காலமானதும் 1979இல்தான்.

கிதாரும் சிந்தசைஸரும் எத்தனை புதிதாக இருந்தாலும், பாடகருக்கு இடம் விட்டு வாத்தியங்கள் ஒதுங்கி நிற்கும் அந்தக் கண்ணியம் கோவையில் கற்றதென்றே நாம் கருதுகிறோம். அது எத்துணை உறுதியானது என்பதற்கு 2007இல் ஒரு சோதனை நிகழ்ந்தது. 'பொல்லாதவன்' படத்துக்காக 'எங்கேயும் எப்போதும்' மறுவார்ப்புச் செய்யப்பட்டபோது, தாளக்கட்டு மாறியது, ராப் சொற்கள் சேர்ந்தன, கருவிகள் அனைத்தும் கணினி யுகத்துக்கு உரியவையாயின. இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு முன் விசுவநாதன் போட்ட மெட்டை மட்டும் எவரும் மாற்றவில்லை.