ஐம்பது துண்டில் எத்தனை?

ஒவ்வொரு ஜனவரியும் முதல் இரண்டு வாரம் எனக்குத் தூக்கம் கெடும். லாஸ் வேகாஸில் சி.இ.எஸ். கண்காட்சி நடக்கிற நாட்கள் அவை. அங்கே காலை ஒன்பது மணி என்றால் இங்கே இரவு பத்தரை. வளையும் டிவி, பேசும் பிரிட்ஜ், இதயத் துடிப்பை எண்ணும் மோதிரம் என்று எதையாவது மேடையில் திறந்து காட்டிக்கொண்டே இருப்பார்கள். நானும் போர்வைக்குள் போனை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருப்பேன். வாங்குவதற்காக இல்லை. மார்கழிக் கச்சேரிக்குப் போகிறவர்கள் மாதிரி, யார் எப்படிப் பாடினார்கள் என்று மறுநாள் பேசுவதற்காக.

2026-ல் நான் திரும்பத் திரும்பப் பார்த்தது எல்ஜி காட்டிய க்ளாய்ட் என்ற வீட்டு ரோபோவை. சக்கரத்தின் மேல் நிற்கும் உடம்பு, இரண்டு கை, கைக்கு ஐந்து விரல். பிரிட்ஜிலிருந்து பால் எடுக்கிறது, அவனில் ரொட்டி வைக்கிறது, கடைசியில் துணி மடிக்கிறது. இதற்கு அவர்கள் வைத்த பெயர், 'உழைப்பே இல்லாத வீடு'. ரோபோ ஒரு துண்டை எடுக்கிறது, விரிக்கிறது, ஒரு மடிப்பு, இன்னொரு மடிப்பு, ஓரமாக வைக்கிறது. மெதுவாகத்தான். கூட்டம் கைதட்டுகிறது. எனக்கும் தட்டத் தோன்றியது என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

இந்தக் கைதட்டலைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

முதலில் என் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு விரல்களில் மூட்டுவாதம். சமையல் எப்படியோ ஓடிவிடுகிறது, துணி மடிக்கிறதுதான் பெரிய பாடு. சில வருஷத்துக்கு முன்பு, துணி மடிக்கும் இயந்திரம் ஒன்றின் டெமோ வீடியோவை அவர்களுக்குக் காட்டினேன். எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை. அம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுசாகப் பார்த்தாங்க. "எப்போடா வரும்?" என்றாங்க. "அடுத்த வருஷம்" என்றேன். வீடியோவில் அப்படித்தான் சொன்னார்கள். அதற்கப்புறம் ஒவ்வொரு பொங்கலுக்கும் அந்தக் கேள்வி வரும். இப்போதெல்லாம் சிரித்துக்கொண்டே கேட்கிறாங்க. அந்தச் சிரிப்பு எனக்கு உறுத்துகிறது.

சரி, விஷயத்துக்கு வருவோம். சி.இ.எஸ். மேடைக்குத் துணி மடிக்கும் இயந்திரம் புதுசு இல்லை. ஜப்பானின் செவன் ட்ரீமர்ஸ் என்ற நிறுவனம் லாண்ட்ராய்ட் என்று ஒன்றைச் செய்தது. பீரோ அளவு இருக்கும், விலை சுமார் 16,000 டாலர். கீழ்த் தட்டில் துணியைக் கொட்டிவிட்டால் உள்ளே கேமராவும் ரோபோக் கைகளும் பார்த்துக்கொள்ளும், யாருடைய துணி எது என்று பிரித்தே வைக்கும் என்றார்கள். ஒரு துணிக்கு ஐந்து முதல் பத்து நிமிடம் ஆகும். முப்பது துணி போட்டால் இரண்டரை மணியிலிருந்து ஐந்து மணி நேரம். 2018 கண்காட்சியில் ஒரு நிருபர் தன்னுடைய டீ-சர்ட்டையே உள்ளே போட்டுப் பார்த்தார். அது சிக்கிக்கொண்டது. கறுப்புத் துணி என்பதால் கேமராவுக்குப் பிடிபடவில்லை போலிருக்கிறது என்று பொறியாளர்கள் சொன்னார்கள். 2019 ஏப்ரலில் நிறுவனம் திவால்.

அதே காலத்தில் மேடையேறிய இன்னொன்று ஃபோல்டிமேட். விலை ஆயிரம் டாலருக்குள் என்று சொன்னார்கள். ஒரு சுமைத் துணியை ஐந்து நிமிடத்துக்குள் மடிக்கும் என்றார்கள். 2019-ல் நிஜமாகவே வேலை செய்யும் மாதிரியைக் கொண்டுவந்து காட்டினார்கள். ஆனால் கடைசிவரை அது விற்பனைக்கு வரவில்லை. இதில் என்னை உறுத்திய விஷயம் விற்பனை இல்லை. அந்த இயந்திரத்தில் ஒவ்வொரு துணியையும் நாமே எடுத்து, மேலே இருக்கும் கிளிப்பில் மாட்ட வேண்டும். பெட்ஷீட் போகாது, சாக்ஸ் போகாது. நீங்களே யோசிச்சுப் பாருங்க: மூட்டுவாதம் வந்த விரலுக்கு எது கஷ்டம்? விரித்த துணியைத் தட்டித் தட்டி மடிப்பதைவிட, நுனியைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கிள்ளிப் பிடிப்பதுதான் அதிக வலி. இயந்திரம் சுலபமான பாதியைத் தான் எடுத்துக்கொண்டு கஷ்டமான பாதியை மனுஷர் கையில் கொடுத்தது. இதை அன்றைக்கு வந்த பாராட்டுக் கட்டுரைகளில் ஒருத்தரும் எழுதி நான் படிக்கவில்லை.

ஏன் அப்படி? துணி ஏன் இவ்வளவு கஷ்டம்? ஒரு டம்ளரை கேமரா பாதி பார்த்தாலே மீதி எங்கே இருக்கும் என்று கணக்குப் போட்டுவிடலாம். டம்ளர் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் டம்ளர்தான். துணி அப்படி இல்லை. குவியலாகக் கிடக்கும் ஒரே துண்டு எடுக்க எடுக்க வேறு உருவம் ஆகிறது. தன் மூலையைத் தானே தனக்குள் ஒளித்துக்கொள்கிறது. கை பட்டவுடன் முன்பு போட்ட கணக்கெல்லாம் பொய்யாகிவிடும். நம் விரல் நுனி இதைப் பார்க்காமலே செய்கிறது. டிவியில் கண், துணியில் கை என்று எல்லா வீட்டிலும் நடப்பதுதான்.

இந்தச் சிக்கலை எதிர்கொண்ட ஆய்வுகளில் எனக்கு மிகவும் பிடித்தது 2010-ல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பீட்டர் அபீல் குழு செய்தது. பி.ஆர்.2 என்ற ரோபோ, முன்பு பார்த்திராத துண்டுகளை ஒவ்வொன்றாகத் தூக்கும், கேமரா முன்னால் சுழற்றும், மூலையைத் தேடும், மேஜைமேல் விரித்து மடிக்கும். ஐம்பது துண்டு கொடுத்தார்கள், ஐம்பதையும் மடித்தது. ஒரு துண்டுக்குச் சராசரி இருபத்துநாலு நிமிடத்துக்கு மேல்! ஐம்பதுக்கும் சேர்த்தால் இருபது மணி நேரம். அந்த வீடியோ ஐம்பது மடங்கு வேகத்தில் ஓடும், அதை அவர்களே வீடியோவில் போட்டிருந்தார்கள். நான் அந்த எண்ணிக்கைக்கு ரசிகன். எத்தனை முயற்சி, எத்தனை வெற்றி, எத்தனை நேரம், எல்லாம் கட்டுரையிலேயே இருக்கிறது. 2022-ல் வந்த ஸ்பீட்ஃபோல்டிங் என்ற ஆய்வும் அப்படித்தான். கசங்கிய நிலையிலிருந்து சராசரியாக 120 நொடிக்குள் மடிப்பு, வெற்றி 93 சதவீதம், மணிக்கு 30 முதல் 40 துணி. பன்னிரண்டு வருஷத்தில் இருபத்துநாலு நிமிடம் இரண்டு நிமிடத்துக்கு இறங்கியிருக்கிறது. சோதனைகள் வேறுவேறு என்பதால் நேருக்கு நேர் ஒப்பிட முடியாதுதான், இருந்தாலும் போகிற திசை தெரிகிறதே. இதுக்குத்தான் எழுந்து நின்று கை தட்டணும்.

சி.இ.எஸ். மேடையில் இந்த எண்கள் கிடையாது. ஒரு துண்டு, ஒரு தடவை. அது முதல் தடவையா நாற்பதாவது தடவையா என்று பார்ப்பவருக்குத் தெரியாது. துண்டு ஏற்கெனவே ஒரே அளவு, ஒரே நிறம், நன்றாகக் காய்ந்தது. விளக்கு அவர்களுடையது, மேஜை அவர்களுடையது. க்ளாய்ட் டெமோவில் பிரிட்ஜும் அவனும்கூட அவர்களுடைய தயாரிப்புகள்தான். இதை மோசடி என்று நான் சொல்லவில்லை. மேடை நாடகத்தில் கதவு அட்டைக் கதவு என்று புகார் செய்கிறவன் முட்டாள். ஆனால் மறுநாள் செய்தியில் அதை வீட்டுக் கதவு என்று எழுதுகிறார்களே, அதுதான் என் சண்டை. நிருபர்கள் எல்லாரும் கேட்பது "எப்போது வரும், விலை என்ன" என்ற இரண்டு கேள்விதான். க்ளாய்ட் அறிவிப்பில் அந்த இரண்டுக்கும் பதில் இல்லை. "ஐம்பதில் எத்தனை?" என்று கேட்டிருந்தால் ஏதாவது ஒரு பதில் சொல்லித்தான் ஆகணும். சொல்ல மறுத்தாலும் அதுவும் ஒரு செய்திதான்.

பொம்மலாட்டத்தில் கயிறு தெரிந்தாலும் யாரும் கோபப்படுவதில்லை, கயிறு உண்டு என்று எல்லாருக்கும் தெரியும். ரோபோ வீடியோவில் அந்த ஒப்பந்தம் இன்னும் வரவில்லை. 2024 ஜனவரியில் (இது சி.இ.எஸ். இல்லை, ஆனால் அதே சீசன்) டெஸ்லாவின் ஆப்டிமஸ் ரோபோ சட்டை மடிக்கும் வீடியோவை எலான் மஸ்க் வெளியிட்டார். பார்த்தவர்கள் திரையின் ஓரத்தில் ஒரு மனிதக் கை அதே அசைவைச் செய்வதைக் கண்டுபிடித்தார்கள். ரோபோ இதை இன்னும் தானாகச் செய்யாது என்று அவரே பிறகு எழுதினார். இப்படி மனிதர் இயக்கி ரோபோவுக்குக் கற்றுக்கொடுப்பது முறையான வழிதான், இன்றைய முன்னேற்றத்தில் பெரும்பகுதி அப்படித்தான் வருகிறது. அதை முதல் வரியிலேயே சொல்லியிருக்கலாம், அவ்வளவுதான்.

மேடையில் நான் பார்த்ததிலேயே நேர்மையான நிமிஷம் எது தெரியுமா? 2018-ல் இதே எல்ஜி தன் க்ளாய் என்ற குட்டி ரோபோவை அறிமுகம் செய்தது. அதிகாரி ஏதோ கேட்கிறார், ரோபோ கண்ணைச் சிமிட்டிக்கொண்டு சும்மா இருக்கிறது. இன்னொன்று கேட்கிறார், பதில் இல்லை. மூன்றாவது தடவையும் இல்லை. எல்லாரும் அதைக் கேலி செய்தார்கள். எனக்கென்னவோ அந்த மூன்று மௌனமும்தான் வீட்டில் அந்தப் பொருள் எப்படி இருக்கும் என்பதற்குக் கிடைத்த ஒரே தகவலாகப் பட்டது.

ரோபோவை மேடையில் நிறுத்தி வேறொன்றை விற்பதும் பழைய வழக்கம். 1985 ஜூனில் சிகாகோவில் நடந்த சி.இ.எஸ்.ஸில் நின்டெண்டோ தன் வீடியோ கேம் பெட்டியோடு ராப் என்ற பிளாஸ்டிக் ரோபோவையும் காட்டியது. 1983 சரிவுக்குப் பிறகு அமெரிக்கக் கடைக்காரர்கள் வீடியோ கேம் என்றாலே முகத்தைத் திருப்பிக்கொண்ட காலம். ரோபோ இருந்தால் பொம்மைக் கணக்கில் உள்ளே போய்விடலாம். அந்த ராப் வேலை செய்தது மொத்தம் இரண்டே விளையாட்டில். பெட்டி உலகத்தையே பிடித்தது, ராப் பரணுக்குப் போனது. க்ளாய்டைப் பார்க்கும்போது எனக்கு ராப் ஞாபகம்தான் வருகிறது. அது கதவு திறக்கிற பிரிட்ஜும் அவனும் வாஷிங் மெஷினும் கடையில் இன்றைக்கே கிடைக்கும்.

சரி, மேடையில் காட்டியது எதுவுமே வராது என்கிறாயா என்று கேட்கலாம். அப்படிச் சொல்ல மாட்டேன். 1981-ல் அங்கே காட்டிய சி.டி. பிளேயர் அடுத்த வருஷமே கடைக்கு வந்தது. 1982-ல் 595 டாலர் விலையோடு காட்டிய கொமடோர் 64 லட்சக்கணக்கான வீடுகளில் நுழைந்தது. 2025-ல் காட்டிய, கை முளைத்த ரோபோராக் தரை துடைப்பானும் வந்துவிட்டது. முன்னூறு கிராம் வரை தூக்கும், அதாவது ஒரு சாக்ஸ். வந்தபோது விலை 2,599 டாலர். வீடுகளில் நிஜமாகப் புழங்கிய ரோபோ என்றால் கையே இல்லாத வட்டத் தட்டு ரூம்பாதான். அதைச் செய்த ஐரோபோட் நிறுவனமும் 2025 டிசம்பரில் திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது.

'உழைப்பே இல்லாத வீடு' என்ற அந்தப் பெயரையும் சும்மா விட மனசில்லை. ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் என்ற வரலாற்றாய்வாளர் 1983-ல் 'அம்மாவுக்கு இன்னும் அதிக வேலை' என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு புத்தகம் எழுதினார். வீட்டுச் சாதனங்கள் தனித்தனி வேலைகளின் பாரத்தைக் குறைத்தன, ஆனால் அமெரிக்க இல்லத்தரசியின் மொத்த நேரத்தைக் குறைக்கவில்லை என்பது அவர் வாதம். வெளியே சலவைக்குப் போய்க்கொண்டிருந்த துணி வாஷிங் மெஷின் வந்ததும் வீட்டுக்குள் திரும்பியது, 'சுத்தம்' என்பதன் அளவுகோலும் ஏறியது. எங்கள் வீட்டிலும் அதேதான். மெஷின் வந்த வருஷம் சலவைக்காரர் வருவது நின்றது. அவர் மடித்துக் கொண்டுவந்த துணியை அப்புறம் அம்மா மடித்தாங்க. உழைப்பு எங்கேயும் போகவில்லை, ஆள் மாறியது. மேடையில் வீட்டுக்காரர்கள் வேலைக்குப் போனபிறகு ரோபோ மடிக்கிறது. அது வரும்வரை யார் மடிக்கிறார்கள் என்பது அந்தக் காட்சியில் இல்லை.

எனக்கு ஒரு ஆசை. அடுத்த ஜனவரி அந்த அரங்குக்குப் போகிற நிருபர் யாராவது ஒரு பையில் எங்கள் வீட்டுத் துணியைக் கொண்டுபோகணும். ஒரு கறுப்பு டீ-சர்ட். உள்பக்கம் வெளியே திரும்பியிருக்கிற ஒரு பேன்ட். ரப்பர் போன பெட்ஷீட், ஓரம் இன்னும் ஈரம். ஜோடி இல்லாத மூன்று சாக்ஸ். ஐந்தரை மீட்டர் பருத்திப் புடவை ஒன்று, கஞ்சி போட்டது. ஸ்டாலில் இருக்கிறவரிடம் பையை நீட்டி, மடித்துக் காட்டுங்கள் என்று சொல்லிவிட்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் நிற்கணும்.

அம்மாவிடம் க்ளாய்ட் வீடியோவைக் காட்டினேன். முழுசாகப் பார்த்தாங்க. இந்தத் தடவை எப்போது வரும் என்று கேட்கவில்லை. "துண்டு மட்டும்தானா?" என்றாங்க. ஆமாம் என்றேன். நான் மடிக்க ஆரம்பித்திருந்த புடவையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாங்க.