மக்மஹோன் வில்லன் இல்லை

'தி மேன் ஹூ நியூ இன்ஃபினிட்டி' (2015) படத்தை இதோட மூணாவது தடவை பார்த்தாச்சு. இந்தத் தடவை சென்னீர்குப்பம் வீட்டில், எட்டாவது படிக்கும் அக்கா பொண்ணோட. படம் முடிஞ்சதும் அவள் கேட்டாள்: "அவருக்கு சாமி வந்து சொல்லிச்சு. எனக்கெல்லாம் யாரு மாமா சொல்லுவா?"

நல்ல படம்தான். தேவ் படேலும் ஜெரமி அயர்ன்ஸும் நன்றாகவே செய்திருக்கிறார்கள். எண் பிரிவினை மாதிரி ஒரு விஷயத்தை வணிகப் படத்தின் மையத்தில் வைக்கவே துணிச்சல் வேண்டும். என் குறை வேறு. அந்தப் பிரிவினைக் கதையில் உண்மையிலேயே சுவையான பகுதியைப் படம் தவறவிட்டுவிட்டது. தவறவிட்டது அந்தப் பெண்ணின் கேள்விக்கான பதிலை.

முதலில் பிரிவினை என்றால் என்ன? நாலு புளியங்கொட்டையை எத்தனை விதமாகக் குவியல் பிரிக்கலாம்? 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1. மொத்தம் 5 விதம். 10 கொட்டை என்றால் 42 விதம். 100-க்கு 19 கோடியைத் தாண்டிவிடும். 200-க்கு 39,72,99,90,29,388. கிட்டத்தட்ட 4 லட்சம் கோடி.

படத்தில் மேஜர் மக்மஹோன் முதலில் ராமானுஜனை நம்பாத போட்டியாளராக வருகிறார், பிறகு வியந்துபோகிறார். ஒரு பக்கம் கையால் கூட்டிப் பார்க்கும் பழைய ஆள், இன்னொரு பக்கம் மின்னல் மாதிரி சூத்திரம் சொல்லும் மேதை. நாடகத்துக்கு வசதி. ஆனால் நிஜத்தில் மக்மஹோன் போட்டியாளர் இல்லை, கூட்டாளி. ஆய்லரின் பழைய விதியை வைத்து 1 முதல் 200 வரை ஒவ்வொரு எண்ணாகக் கணக்கிட்டுப் பட்டியல் போட்டுக் கொடுத்தவர் அவர். 1918-ல் வந்த ஹார்டி–ராமானுஜன் கட்டுரையிலேயே அந்தப் பட்டியல் இருக்கிறது. அவர்கள் சூத்திரத்தின் முதல் எட்டு உறுப்புகளைக் கூட்டினால் 200-க்கு வரும் விடை, கடைசி இலக்கமான 388-க்குப் பிறகு வெறும் .004 மட்டும் கூடுதல். அது சரி என்று தெரிந்ததே மக்மஹோனின் எண் பக்கத்தில் இருந்ததால்தான்.

அந்த விதி சுலபம். 9-க்கு வேண்டுமா? ஒன்று, இரண்டு பின்னால் போய் 8, 7-க்கான எண்களைக் கூட்டு. ஐந்து, ஏழு பின்னால் போய் 4, 2-க்கானவற்றைக் கழி. 22+15−5−2 = 30. இன்னும் பெரிய எண் என்றால் 12, 15 பின்னால் போய்க் கூட்டணும், 22, 26 பின்னால் போய்க் கழிக்கணும். 200-க்கு மட்டும் இப்படி 22 எண்கள். நடுவில் ஒன்று தப்பினால் அதற்கப்புறம் எல்லாமே தப்பு.

இனிதான் முக்கியமான இடம். 1919-ல் ராமானுஜன் வெளியிட்ட கட்டுரையில், இந்தப் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் விசித்திரமான சில பண்புகள் கண்ணில் பட்டதாக அவரே எழுதுகிறார். 4, 9, 14, 19... இவற்றின் பிரிவினை எண்ணிக்கை எப்போதும் 5-ஆல் வகுபடும். 7-க்கும் 11-க்கும் இதே மாதிரி விதிகள். கனவில்லை, பட்டியல். அப்புறம் அதற்கு நிரூபணம்.

அதைவிட எனக்குப் பிடித்தது அவர் செய்த தவறு. ஒரு எண்ணை 24-ஆல் பெருக்கி 1 கழித்தால் வருவது 49-ஆல் வகுபட்டால், அதன் பிரிவினை எண்ணிக்கையும் 49-ஆல் வகுபடும். 47-ஐ எடுங்கள்: 24×47−1 = 1127 = 49×23. 47-க்கான எண்ணிக்கை 1,24,754 = 49×2546. சரி. இதே போல 7-ன் எல்லா அடுக்குகளுக்கும் நடக்கும் என்று ராமானுஜன் ஊகித்தார். அடுத்த அடுக்கு 343. அதற்குப் பொருந்தும் முதல் எண் 243. பட்டியலோ 200-லேயே முடிந்துவிட்டது!

பஞ்சாபைச் சேர்ந்த ஹன்ஸ்ராஜ் குப்தா பட்டியலை 300 வரை நீட்டினார். அதைப் பார்த்து 1934-ல் சவ்லா சொன்னார்: 243-க்கான 13,39,78,25,93,44,888 என்ற எண் 49-ஆல் வகுபடுகிறது, 343-ஆல் வகுபடவில்லை. 1938-ல் வாட்சன் ஊகத்தைத் திருத்தி நிரூபித்தார்.

நாமகிரித் தாயார் மேல் ராமானுஜனுக்கு இருந்த பக்தியை நான் கேள்வி கேட்கவில்லை. அது அவருடையது. ஆனால் அவர் சறுக்கிய இடமே அவர் எப்படி வேலை செய்தார் என்று காட்டிக் கொடுக்கிறது. கண்ணுக்கு எட்டிய வரை பார்த்தார், அதற்கு அப்பால் ஊகித்தார். எல்லாம் மேலிருந்து வந்தது என்று சொல்லும் கதையில் இந்தத் தவறுக்கு இடமே இல்லை. மக்மஹோனுக்கும் குப்தாவுக்கும்கூட இல்லை.

மறுநாள் அவளிடம் நோட்டைக் கொடுத்து, வரிக்கு ஐந்தாக எழுதச் சொன்னேன், 0-க்கு 1 என்று ஆரம்பித்து.

1, 1, 2, 3, 5
7, 11, 15, 22, 30
42, 56, 77, 101, 135

நாலாவது வரி முடிந்ததும் நிமிர்ந்தாள். "கடைசி நம்பர் எல்லாம் அஞ்சுலயோ சைபர்லயோ முடியுது மாமா. இது மட்டும் ஏன் 491?" நான் எதுவும் சொல்லவில்லை. திரும்பக் கூட்டிப் பார்த்தாள். 385-ஐயும் 297-ஐயும் கூட்டும்போது ஒண்ணு கூடிப்போயிருந்தது. அடித்துவிட்டு 490 என்று எழுதினாள்.

யாரும் வந்து சொல்லவில்லை.