யோபு நூலில் துன்பமும் பாவமும்

பாவம் துன்பத்தை விளைவிக்கும் என்பது ஒரு கூற்று. துன்புறுவோர் யாவரும் பாவஞ் செய்தவரே என்பது பிறிதொரு கூற்று. முன்னையதற்கு விவிலியத்தில் வலுவான ஆதாரம் உண்டு. உபாகமத்தின் 28ஆம் அதிகாரம் கீழ்ப்படிவோர்க்கு ஆசியும் மீறுவோர்க்குச் சாபமும் வருமென நிரல்படுத்துகின்றது. ஆயின், புகை கண்டு நெருப்பை உய்த்துணர்வதுபோலத் துன்பங் கண்டு பாவத்தை உய்த்துணரலாமா? 42 அதிகாரங்கள் கொண்ட யோபு நூல் எழுப்பும் வினா இதுவேயாம்.

யோபு குற்றமற்றவன் என்பதை உரைநடையில் அமைந்த தொடக்கப் பகுதியே வாசகனுக்கு அறிவித்துவிடுகின்றது. விண்ணில் நிகழ்ந்த உரையாடலை வாசகன் அறிவான். யோபுவும் அவன் நண்பரும் அறியார். இவ்வேறுபாட்டினாலேயே, செய்யுளில் அமைந்த நண்பரின் பக்தியுரைகள் பொய்யாகிப் போவதை வாசகன் கண்டுகொள்கின்றான்.

எலிப்பாசின் வீழ்ச்சி இங்கு தனித்து நோக்கற்பாலது. ஏழு பகலும் ஏழு இரவும் வாய்திறவாது யோபுவுடன் தரையில் அமர்ந்திருந்த மூவருள் அவன் ஒருவன். 4ஆம் அதிகாரத்தில், தளர்ந்தோரைத் தாங்கியவன் யோபு என அவனே ஒப்புக்கொள்கின்றான். 22ஆம் அதிகாரத்திலோ, தாகமுற்றோர்க்கு நீர் மறுத்தவன், விதவைகளை வெறுங்கையராய் அனுப்பியவன் எனப் பழி சுமத்துகின்றான். இடையில் புதிய சான்று எதுவும் கிடைத்திலது. கொள்கையைக் காப்பதற்குப் பாவம் தேவைப்பட்டது. ஆகவே பாவம் புனையப்பட்டது. ஆறுதல் கூற வந்தவன் பொய்ச்சாட்சியாக மாறும் இம்மாற்றமே நூலின் ஆற்றல்மிக்க மறுப்பாகும்.

சூறைக்காற்றினின்று பேசும் கடவுள் யோபுவின் துன்பத்துக்குக் காரணம் கூறவில்லை, பாவத்தையும் சுட்டவில்லை. மனிதர் வாழாப் பாலையிலும் பெய்யும் மழையைக் காட்டுகின்றார். உபாகமத்தில் மழை கீழ்ப்படிதலின் பரிசு. இங்கோ பரிசு பெறுவதற்கு எவருமே இல்லாத நிலத்தில் அது பொழிகின்றது. உலகை நன்மை தீமைக் கணக்கேடாக மட்டும் காணும் பார்வை இவ்வொரு படிமத்தாலேயே தகர்கின்றது.

முடிவில் 7000 ஆடுகள் 14,000 ஆவது பழைய கொள்கைக்கே திரும்புவதாகும் எனக் குறைகூறலாம். அக்குறையை முற்றாக மறுத்தல் அரிது. எனினும், நண்பர் பேசியது தவறு என்னும் தீர்ப்பு அதற்கு முன்னரே வழங்கப்பட்டுவிடுகின்றது. அந்நண்பருக்காக யோபு மன்றாடிய பின்னரே அவன் நிலை மாறுகின்றது. பிள்ளைகளோ முன்போலப் பதின்மரே, இறந்தவர் மீண்டிலர்.

புதிய ஏற்பாடும் இவ்வழியே செல்கின்றது. பிறவிக் குருடன் பாவஞ் செய்தானா, பெற்றோர் செய்தனரா என்ற சீடரின் வினாவை யோவான் 9இல் இயேசு மறுக்கின்றார். சீலோவாமிற் கோபுரம் வீழ்ந்து மாண்ட 18 பேரும் ஏனையோரினும் பெரும் பாவிகளல்லர் என்பது லூக்கா 13 தரும் செய்தி. யோவான் 5இல் குணமடைந்தவனை இனிப் பாவஞ் செய்யாதிருக்குமாறு எச்சரிப்பவரும் அவரே. எனவே பாவத்தின் விளைவு மறுக்கப்படவில்லை. துன்புறுவோன்மேல் தீர்ப்புக் கூறும் உரிமையே மறுக்கப்படுகின்றது. அவனருகே ஏழு நாள் மௌனமாய் இருந்த பொழுதே எலிப்பாசு உண்மையான நண்பனாய் இருந்தான்.