மறதிநோயும் எந்திரப் பராமரிப்பும்: ‘ரோபோட் அண்ட் ஃபிராங்க்’ திரைப்படத்தை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

மறதிநோய் உள்ளவர்க்கும் அவரைப் பேணுவோர்க்கும் துணையாகத் தொழில்நுட்பத்தைக் கொள்ளும் முயற்சிகள் பெருகிவருகின்றன. அத்துணை யாருக்குக் கடப்பாடுடையது என்னும் வினாவை ஜேக் ஷ்ரையர் இயக்கிய ‘ரோபோட் அண்ட் ஃபிராங்க்’ (2012) என்னும் அமெரிக்கத் திரைப்படத்தின் வழி இக்கட்டுரை ஆராய்கிறது. டாம் கிட்வுட்டின் ஆள்தன்மைக் கோட்பாடு அணுகுமுறையாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: மறதிநோய், பராமரிப்பாளர், எந்திரத் துணை, ஆள்தன்மை, ஒப்புதல்.

முன்னுரை

உலகில் 5 கோடியே 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மறதிநோயுடன் வாழ்வதாக உலக சுகாதார நிறுவனம் 2021இல் மதிப்பிட்டது. இவர்களைப் பேணும் பொறுப்பு பெரும்பாலும் ஊதியமற்ற குடும்பத்தினர் மீதும், அவர்களுள்ளும் பெண்கள் மீதும் விழுகிறது. இந்நோயாளர்க்கு ஆறுதலாகப் பயன்படும் கருவிகளுள் ஒன்று, ஜப்பானில் தகனோரி ஷிபாதா 1993 முதல் உருவாக்கிய, கடல்நாய்க் குட்டி வடிவிலான ‘பாரோ’ ஆகும். கேட்பதுபோல் பாவனை செய்யும் இத்தகைய கருவி, உண்மையில் செவிகொடுக்க வேண்டியவர்களை அக்கடமையினின்று விடுவித்துவிடும் என்னும் அச்சத்தை ஷெர்ரி டர்க்கிள் ‘அலோன் டுகெதர்’ (2011) நூலில் முன்வைத்தார். இவ்விவாதத்தைக் கதையாக்கிப் பார்க்கும் படைப்பாக இத்திரைப்படம் அமைகிறது.

கேளாமல் வந்த துணை

நகைத் திருட்டைத் தொழிலாகக் கொண்டிருந்த முதியவர் ஃபிராங்க், நியூயார்க் மாநிலத்தில் தனித்து வாழ்கிறார். நினைவு தளர்ந்துவரும் தந்தையைக் காண நெடுந்தொலைவு காரோட்டி வந்து களைத்த மகன் ஹன்டர், ஓர் எந்திரத்தைக் கொணர்ந்து வீட்டில் நிறுத்துகிறார். ஃபிராங்கிடம் ஒப்புதல் கேட்கப்படவில்லை. எந்திர உழைப்பை எதிர்க்கும் மகள் மேடிசனோ, வந்ததும் அதனை அணைத்துவிடுகிறார். கொணர்ந்தவர்க்கும் அணைத்தவர்க்கும் தந்தை மீது அன்பு உண்டு. எனினும் இருவருமே அவருக்காக முடிவெடுக்கின்றனரேயன்றி அவருடன் முடிவெடுக்கவில்லை.

பணியும் அடையாளமும்

‘டிமென்ஷியா ரீகன்சிடர்ட்’ (1997) என்னும் நூலில் கிட்வுட், ஆள்தன்மை என்பது பிறருடனான உறவில் ஒருவர்க்கு வழங்கப்படும் தகுதி என்கிறார். அன்பை மையமாகக் கொண்டு ஆறுதல், பற்று, சேர்ந்திருத்தல், பணி, அடையாளம் என ஐந்து தேவைகளை அவர் வகுக்கிறார். எந்திரம் முதலில் வழங்குவது ஒழுங்கான உணவும் தோட்டவேலையும். ஃபிராங்க் இவற்றை வெறுக்கிறார். பூட்டுத் திறக்கும் வித்தையை அதற்குக் கற்பிக்கத் தொடங்கியபோதே அவர் துளிர்க்கிறார். நிகழ்ச்சிகளைப் பற்றிய நினைவு மங்கிய பின்னரும் கைப்பழக்கத்தில் ஊன்றிய நினைவு நெடுநாள் நிலைக்கக்கூடும் என்னும் மருத்துவ உண்மையோடு இது பொருந்துகிறது. நோயாளர் என்னும் நிலையிலிருந்து ஆசிரியர் என்னும் நிலைக்கு அவர் மீள்கிறார். அப்பணி திருட்டாக இருப்பது வெறும் நகைச்சுவை அன்று. ஒருவருக்கு அடையாளம் தரும் பணியும் அவர்தம் உடல்நலத்தின்பொருட்டுப் பிறர் தேர்ந்தளிக்கும் பணியும் ஒன்றல்ல என்பதை அது கூர்மையாக்குகிறது.

நன்மைக்கான பொய்

ஃபிராங்கை இணங்கவைக்க, தன் பணி தோற்றால் தன் நினைவு அழிக்கப்பட்டுவிடும் என்று எந்திரம் கூறுகிறது. அவரை வழிக்குக் கொண்டுவரவே அவ்வாறு சொன்னதாகவும், நினைவு அழிவது பற்றித் தனக்குக் கவலையில்லை என்றும் பின்னர் அதுவே வெளிப்படுத்துகிறது. ஆள்தன்மையைச் சிதைக்கும் நடத்தைகளின் பட்டியலில் கிட்வுட் ஏமாற்றுதலையே முதலில் வைக்கிறார். களைத்த பராமரிப்பாளர் சொல்லும் பொய்யும் அவ்வாறே ஏமாற்றுதான். எனினும் அதன் குற்றவுணர்வை அவர் சுமக்கிறார். எந்திரம் எதனையும் சுமப்பதில்லை.

துணையாக வந்த எந்திரம் பதிவுக்கருவியாகவும் இருக்கிறது. அதன் நினைவகம் ஃபிராங்குக்கு எதிரான சாட்சியாகும் நிலை எழுகிறது. இருப்பிடம் காட்டும் கருவியும் வீட்டுக் கேமராவும் எழுப்பும் சிக்கலும் இதுவே: நோயாளரைக் காக்கத் திரட்டிய தரவு அவர் கையில் இருப்பதில்லை. தயங்கியபின் அந்நினைவகத்தை ஃபிராங்கே அழிக்கும் காட்சியில் இவ்வுறவு தலைகீழாகிறது. தன் நினைவின்மேல் ஆட்சி இழந்துவருபவர் மற்றொரு நினைவின்மேல் தாமே முடிவெடுக்கிறார்; தம் நட்பையே அதற்கு விலையாகத் தருகிறார்.

படத்தின் எல்லைகள்

பராமரிப்பின் கடினமான பகுதிகளான குளிப்பாட்டல், கழிவகற்றல், உறக்கமற்ற இரவு ஆகியவை படத்தில் இடம்பெறவில்லை. எந்திரம் எளிதில் வெற்றி பெறுவதற்கு இவ்விடுபாடும் ஒரு காரணம். மேடிசனின் எதிர்ப்பு கேலிப்பொருளாக்கப்படுவதால் டர்க்கிள் எழுப்பிய வினா விடையின்றி நிற்கிறது. ஃபிராங்க் விரும்பிய நூலகர் ஜெனிஃபர் அவருடைய முன்னாள் மனைவியே என்னும் வெளிப்பாடு, பார்வையாளரையும் அவருடைய மறதிக்குள் நிறுத்துகிறது. ஆயின் அறிந்தும் பேசாதிருந்த ஜெனிஃபரின் துயரைப் படம் தொடாமல் கடக்கிறது. எந்திர உடைக்குள் இயங்கியவர் ரேச்சல் மா என்னும் நடனக் கலைஞர் என்பதும் எண்ணத்தக்கது. மனித உழைப்பை விலக்குவதாகத் தோன்றும் உருவம் மனித உழைப்பாலேயே அசைந்தது.

முடிவுரை

மறதிநோய்க்கான தொழில்நுட்பத்தை அது குறைக்கும் சுமையைக் கொண்டு மட்டும் மதிப்பிடுதல் போதாது. ஃபிராங்குக்கு எந்திரம் பயன்பட்டது அவர் வாழ்க்கைக்குள் அது நுழைந்தபோதுதான். அவரை இழிவுபடுத்தியது அவர்க்குத் தெரியாமல் அவரை வழிநடத்தியபோது. பராமரிப்பாளரின் ஓய்வு நியாயமான தேவை. அத்தேவையை நோயாளரின் பெயரால் மறைக்காமல் அவரிடமே சொல்லி, இயன்றவரை அவர் ஒப்புதலைப் பெறுவதே ஆள்தன்மையைக் காக்கும் வழி. இறுதியில் ஃபிராங்க் சேர்க்கப்படும் இல்லத்தில் அதே வகை எந்திரங்கள் பிற முதியோருடன் நடமாடுகின்றன. அவற்றுள் எதுவும் அவரிடம் வித்தை கற்றதன்று.