மாண்டவனின் சொத்தா மங்கை?

செனகல் நாட்டு எழுத்தாளர் மரியமா பா 1979-ல் பிரெஞ்சு மொழியில் தீட்டிய ‘நீண்டதொரு கடிதம்’ எனும் புதினம், கைம்பெண்ணொருத்தி தன் தோழிக்கு வரையும் மடல். பன்னிரு மக்களைப் பெற்றவளைக் கைவிட்டு, மகளின் தோழியையே மணக்கிறான் கணவன். அவன் மாண்டு நாற்பது நாள் கழிகிறது. உடனே வந்து நிற்கிறான் அவன் அண்ணன். வீடு வாசலோடு அவளும் தனக்கே உரியவளாம்! அவள் மறுக்கிறாள். முப்பதாண்டு மௌனம் முறிகிறது.

நூலில் குறையும் உண்டு. தாயின் பேராசைக்குப் பள்ளிப்படிப்பைப் பறிகொடுத்த இளைய மனைவி பினெத்துவின் நெஞ்சுக்குள் அது நுழையவில்லை. அவளும் விலை பேசப்பட்டவளன்றோ?

2003-ல் மபூட்டோ நகரில் ஆப்பிரிக்க ஒன்றியம் ஏற்ற பெண்ணுரிமை உடன்படிக்கை, கைம்பெண் தான் விரும்பியவரை மணக்கலாம் என்று விதித்தது. கதையில் எழுந்த ‘மாட்டேன்’ சட்டத்தில் ஏறிற்று. ஏட்டோடு நின்றால் போதுமா? வீடுதோறும் ஒலிக்க வேண்டும், தோழர்களே!